கைருன்னிசாவின் அடக்கச் சீட்டு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கைருன்னிசாவைப் புதுச்சேரி கோர்ட்டுப் படிக்கட்டில் விட்டுவிட்டு வந்தோம். கூட வக்கீல் கிடையாது. வீட்டு ஆண்பிள்ளை ஒருவரும் கிடையாது. வெள்ளைச் சேலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் படியிறங்கியதைப் பார்த்து, இந்தப் பெண் கரையேறுவாளா என்று கவலைப்பட்டவர்களில் எனக்கும் ஓர் இடம் உண்டு.

கரையேறிவிடுவாள் என்றுதான் தோன்றியது. புருஷன் அமீர் ஹம்சா போன வருஷம் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். சைகோனில் கடை வைத்திருக்கும் அவன் அண்ணன் ஷரீப்புக்குப் பிள்ளையில்லை. ஊரிலிருக்கும் தன் மனைவி சுரையாவைக் கப்பலேற்றி அனுப்பும்போது, தம்பி மகள் ஜைத்தூனையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டார். மாமனாரும் தலையாட்டிவிட்டார். ஆறு வயசுப் பிள்ளையைத் தரமாட்டேன் என்று கைருன்னிசா கோர்ட்டில் தன் வாயாலேயே சொன்னாள்.

ஜட்ஜு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். சின்னப் பெண் தாயிடம் இருக்க வேண்டும் என்பது உங்கள் மார்க்கத்துச் சட்டம், நீ தாய் என்று காகிதம் காட்டு, அது போதும் என்றார். துபாஷி அதைத் தமிழில் சொன்னார். திங்கட்கிழமை வரைக்கும் தவணை. வியாழக்கிழமை கப்பல்.

பெற்றவள்தான் பெற்றவள் என்பதற்கு ஒரு காகிதம். இதற்குப் போய் யாராவது வக்கீல் வைப்பார்களா?

இந்தத் தைரியம் அவளுக்கு மாமனாரைப் பார்த்து வந்தது. குருவிநத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சை, வக்கீல் வீட்டு வாசலை மிதிக்காதவர். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், கிழம் செத்தாலும், கல்யாணம் நடந்தாலும், பாகூர் மேரி ஆபீசுக்கு அவரைத்தான் அழைத்துப் போவார்கள். பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் ஆபீசுக்கு மேரி என்று பேர். அங்கே எழுதினால்தான் ஒருத்தர் பிறந்ததும் செத்ததும் செல்லும். சாயபு ஒரு செம்புக் காசு வாங்காமல் போவார், எழுதவைப்பார், கையெழுத்துப் போடுவார். யாராவது வக்கீலைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "உண்மையச் சொல்றதுக்கு இன்னாத்துக்குடா அவொக்கா?" என்பார்.

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை காலை கைருன்னிசா புறப்பட்டாள். பிள்ளையின் இருமலுக்குப் பாகூர் வைத்தியரிடம் லேகியம் வாங்கப் போவதாக மாமனாரிடம் சொன்னாள். கோர்ட்டு விஷயம் வீட்டில் சுரையா ஒருத்திக்குத்தான் தெரியும்.

சுரையா அப்போது ஜைத்தூனுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைக்காக எத்தனை தர்கா வாசலில் நின்றிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. அந்த வீட்டில் அந்தக் குழந்தைக்குத் தலை பின்னும் வேலையை மட்டும் அவள் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். ஆனாலும் நல்ல மனசு. சும்மா சொல்லக்கூடாது.

"போயி காகிதத்த வாங்கியா கைருன்" என்றாள் குரலைத் தணித்துக்கொண்டு. "ஒம் புள்ளைய ஒங்கிட்டருந்து புடுங்கிக்கினு போயி எனக்கு இன்னா ஆவப்போவுது? ஜட்ஜு சொல்லிட்டா நான் ஒண்டியா கப்பல் ஏறிடுவேன்."

கைருன்னிசா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதையும் நினைவில் வையுங்கள்.

வண்டி ஓட்டியவர் பக்கிரி. கரும்புக்காரர், சாயபு வீட்டுக்கு முப்பது வருஷப் பழக்கம். கோர்ட்டுக்கும் அவர்தான் வண்டி பூட்டினார். சாயபுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். ஆனாலும் மாட்டைத் திருப்பவில்லை.

மேரியில் குமாஸ்தா முத்துசாமி இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர். கைருன்னிசா கேட்டது இரண்டு நகல். தன் கல்யாணப் பதிவு ஒன்று, பிள்ளையின் பிறப்புப் பதிவு ஒன்று. இன்னாருக்கு இன்னார் பெண்டாட்டி, இன்னார் பிள்ளை என்று காட்டிவிட்டால் தீர்ந்தது.

முத்துசாமி 1927 கல்யாணப் பதிவேட்டைத் தூக்கிப் போட்டுத் தூசி தட்டினார். விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு, இறந்துபோன அந்தம்மாவுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்.

எந்த அம்மா என்று கைருன்னிசா கேட்டாள்.

"அதான், கைருன்னிசா பீவி."

"நான்தாங்க கைருன்னிசா."

முத்துசாமி சிவப்பு மையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு மையைப் பார்த்தார்.

"இவங்க எறந்து ஏழு வருசம் ஆவுதேம்மா" என்றார்.

அவள் முதலில் சிரித்துவிட்டாள். செத்தது தன் புருஷன், அதுவும் போன வருஷம்தான், ஓரத்தில் ஆளை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினாள். அவருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். எழுந்து போய் இறப்புப் பதிவேட்டை எடுத்துவந்தார். கொண்டுவந்து பிரித்தவர் வரி வரியாக விரலை ஓட்டினார். பிறகு பிரெஞ்சில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

1929 ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை. கைருன்னிசா பீவி, வயது பத்தொன்பது. அமீர் ஹம்சாவின் மனைவி. குருவிநத்தத்தில் மாமனார் வீட்டில் விடியற்காலை மரணம். அறிவித்தவர் மாமனார். பாகூர் மையவாடியில் அடக்கம் செய்யச் சீட்டு வழங்கப்பட்டது.

கீழே தமிழில் கையெழுத்து. மைதீன் பிச்சை. கடைசி எழுத்தின் காலை நீளமாக இழுத்து விட்டிருந்தது. புருஷன் வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தபோதெல்லாம் மாமனார் அவனுக்குப் போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் அவள் பார்த்த அதே வால்.

ஏழு வருஷமாக அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறாள். காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறாள். நீட்டிய கையை அவர் செத்தவள் கை என்று எழுதி வைத்திருந்தாரா? ஏன்? இவள் அவருக்கு என்ன செய்தாள்?

சாட்சி என்று போட்டு ஒரு கைநாட்டு இருந்தது. பக்கிரி, குருவிநத்தம்.

பக்கிரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்து அந்த மை உருண்டையைக் குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். ஒருதடவை சாயபு கூட்டிவந்து வைக்கச் சொன்னார், வைத்தேன் என்று ஒப்புக்கொண்டார். எதற்கு என்று முத்துசாமி அதட்டினார்.

"கொழந்தைக்கிங்க" என்றார் பக்கிரி. "இந்தத் தங்கச்சியோட தலச்சன் கொழந்தைக்கி. பொதைக்கிறதுக்குச் சீட்டு வாங்கினோம்."

வெள்ளிக்கிழமை விடியற்காலை.

கைருன்னிசா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். தாய்வீடு ஆற்றுக்கு அக்கரை. தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். நாற்பது நாள் கழித்துப் பிள்ளையை மணலில் நடந்து தூக்கிக்கொண்டு வந்தாள். சல்மா என்று பேர். மூன்றாம் நாள் விடியலில் குழந்தை பால் குடிக்கவில்லை. இவள் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. அந்த வலிதான் இவளை எழுப்பியது. தொட்டுப் பார்த்தால் பிள்ளை குளிர்ந்து கிடந்தது.

சல்மா என்று ஒரு பேர் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். முத்துசாமி பொறுமையாகத் தேடினார். பிறப்பில் இல்லை. இறப்பில் இல்லை. நாற்பத்து மூன்று நாள் இவள் மடியில் கிடந்த குழந்தை எந்த சர்க்காருக்கும் பிறக்கவே இல்லை. அதன் இடத்தில் இவள் பேரைப் புதைத்திருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. இவள் 1929இல் செத்துவிட்டாள். ஜைத்தூன் பிறந்தது 1930 டிசம்பரில்.

இரண்டாவது நகலை எடுங்கள் என்றாள். கையால் காட்டினாள்.

முத்துசாமி எடுத்தார். படிக்காமல் முதலில் தனக்குள்ளேயே பார்த்துக்கொண்டார். பிறகு மூச்சை விட்டுவிட்டு அவளைப் பார்க்காமலே படித்தார். பெண் குழந்தை. பேர் ஜைத்தூன் பீவி. தகப்பன் ஷரீப். தாய் சுரையா. அறிவித்தவர் பாட்டனார் மைதீன் பிச்சை.

அந்தக் கையெழுத்திலும் வால் இருந்தது.

என்ன செய்தால் இது திருந்தும் என்று அவள் கேட்டதற்கு, முத்துசாமி நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். பதிவேட்டை யாரும் தொட முடியாது. கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்றுதான் திருத்தும். அதற்குப் பொய்யாக எழுதவைத்தவரே ஜட்ஜு முன்னால் வந்து நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவருக்கு ஜெயில். நல்ல அவொக்காவாகப் பாருங்கள் என்றார்.

பிள்ளையின் நகலை மட்டும் எழுதி முத்திரை குத்தினார். வாங்குகிறவர் பேர் எழுதும் இடத்தில் பேனா நின்றது. அந்த நல்ல மனிதருக்கே வியர்த்துவிட்டது.

"செத்தவங்க பேர்ல எப்பிடிம்மா குடுக்கறது?" என்றார்.

கடைசியில் பக்கிரி பேரில் எழுதிக் கொடுத்தார். பக்கிரி மறுபடியும் ஒரு கைநாட்டு வைத்தார். இந்தத் தடவை, இன்னாத்துக்குங்க இது என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்தார்.

திரும்பி வரும்போது நகலை முக்காட்டுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். லேகியம் வாங்கவும் மறந்துபோனது.

மைதீன் பிச்சை கடையை அடைத்துவிட்டுப் பின்கட்டில் லுஹர் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கைருன்னிசா எதிரில் போய் நின்று நகலை நீட்டினாள். மாமனார் எதிரில் அப்படி நேராக அவள் நின்றதில்லை. அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

அவர் திடுக்கிடவில்லை. இந்தக் காகிதம் என்றைக்காவது வரும் என்று எதிர்பார்த்திருந்தவர் போலப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கேட்காமலே சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மேரிக்குப் போனாராம். பிள்ளையின் பிறப்புக் காகிதம் எங்கே என்று அப்போதிருந்த குமாஸ்தா கேட்டானாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தது என்றால், பிறக்காத பிள்ளை எப்படிச் சாகும், வக்கீல் வைத்துக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவா, ஒரு மாசம் ஆகும் என்றானாம். வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கஃபன் கட்டி வைத்திருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் மையவாடியில் மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்கிறான் குழி வெட்டுகிறவன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அடக்க வேண்டும். தாய் தகப்பன் யார் என்று காட்டுவதற்காக மகனின் கல்யாணக் காகிதத்தை மடியில் வைத்திருந்தார். முதல் குமாஸ்தா சாப்பிடப் போனான். அந்த இடத்தில் வேறொருவன் வந்து உட்கார்ந்து, செத்தது யார் என்று கேட்டான். பெண்பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு இவர் கல்யாணக் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"நான் பொய்யி சொல்லலம்மா" என்றார். "அத்தப் பாத்து அவன் எழுதினான். நான் வாய மூடிக்கினு இருந்தேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்தாராம்! ஊருக்கெல்லாம் வாயைத் திறந்த மனுஷன்.

ஜைத்தூன் பிறந்தபோது தாய் பேர் சொல்ல வேண்டி வந்தது. செத்தவள் பேரைச் சொன்னால் பழையது வெளியே வரும். அதனால் பெரிய மகன், பெரிய மருமகள் பேரைக் கொடுத்தார். எல்லாம் ஒரே வீடுதானே, பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டார். மாமியார் மவுத்தாகும்வரை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"காகிதத்துலதானம்மா ஒன் பேரு செத்துச்சி" என்றார். "எங்கண்ணுக்கு நீ உசுரோடதான இருக்குற."

கைருன்னிசா கோபப்படத்தான் வந்தாள். சத்தம்போட்டு ஊரைக் கூட்ட வேண்டும் என்று வண்டியில் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் சல்மாவைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவர் இவர்தான். திரும்பி வந்தபோது தாடியெல்லாம் நனைந்திருந்தது. அது ஞாபகம் வந்து தொலைத்தது.

"நான் தாயின்னு காட்டச் சொல்லி ஜட்ஜு சொல்லியிருக்காரு மாமா" என்றாள்.

எந்த ஜட்ஜு என்று கேட்டார். அவள் சொன்னாள். கோர்ட்டுக்குப் போனதை, தானே பேசியதை, திங்கட்கிழமைத் தவணையை எல்லாம் சொன்னாள். இப்போது அவர்தான் திடுக்கிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. தன் வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை, தனக்குத் தெரியாமல், வெள்ளைக்காரன் முன்னால் போய் நின்றிருக்கிறாள். வக்கீலும் இல்லாமல்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"உண்மையச் சொல்றதுக்கு அவொக்கா வேணாம்னு நீங்கதான மாமா சொல்லுவீங்க? திங்கக்கெழம வந்து சொல்லுங்க."

கொல்லையில் ஜைத்தூன் கோழியைத் துரத்தும் சத்தம் கேட்டது. மைதீன் பிச்சை வெகுநேரம் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பொய்யாக எழுதவைத்தவன் என்று தெரிந்தால் ஜெயில் மட்டுமா? இத்தனை வருஷம் அவர் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் சந்தேகத்துக்கு வரும். ஊர் காறித் துப்பும். எழுபது வயசில் அவருக்கு மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

"வரேம்மா" என்றார். "வந்து சொல்றேன். ஒன்னைப் பொதச்சவன் நான்தான்னு சொல்றேன்."

கைருன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை. அல்லாஹ்வே என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் பொறுத்தால் போதும், பிள்ளை தன்னிடம் இருந்துவிடும் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுரையா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் மாமனாருக்குக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு. முகத்தில் ரத்தமே இல்லை. செம்பைக் கீழே வைத்தாள். வைத்ததில் பாதி சிந்திவிட்டது. பாயில் கிடந்த நகலை எடுத்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, தமிழே தட்டுத்தடுமாறித்தான் படிப்பாள். எந்த இடத்தில் தன் பேர் இருக்கிறது என்று மாமனாரைக் கேட்டாள்.

அவர் விரலை வைத்துக் காட்டினார்.

சுரையா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பன்னிரண்டு வருஷம் எத்தனை ஊரில், எத்தனை வாசலில் கேட்டது, ஆறு வருஷமாகப் பாகூரில் முத்திரையோடு எழுதிக் கிடந்திருக்கிறது. ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை.

கைருன்னிசா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா, மாமா வந்து சொல்லிடறேன்னுட்டாரு என்றாள். காகிதத்துக்குக் கையை நீட்டினாள்.

சுரையா தரவில்லை.

"மாமா இன்னாத்துக்கு ஜெயிலுக்குப் போவணும்?" என்றாள் மெதுவாக. "காகிதம் சரியாத்தான கீது."

அவள் சொன்னது காதில் விழுந்ததா, விழுந்தது புரிந்ததா என்று மற்ற இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் நகலை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கொல்லைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஜைத்தூன், அம்மாகிட்ட வாடி."

பிள்ளை மண் கையோடு ஓடிவந்தது. அம்மா என்றதும், வழக்கம்போல, சுரையாவைத் தாண்டிப் போய்க் கைருன்னிசாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சுரையா குழந்தையைப் பார்த்தாள். கை இடுப்பில் இருந்த காகிதத்தின் மேலேயே இருந்தது.